மூலநிரல் கையில் இல்லாத பழைய மென்பொருள்: தனி நிரலரிடம் புதிதாக எழுதி வாங்கலாமா?

கேள்வி: பண்ருட்டி வணிகர்

வணக்கம். பண்ருட்டியில் எங்கள் குடும்பம் முந்திரி வியாபாரம் செய்து வருகிறது. கொட்டையை உடைப்பதற்கு வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவது, பருப்பாகத் திரும்பி வந்ததை எடை போட்டுக் கூலி கணக்கிடுவது, 240, 320 என்று தரம் பிரித்துக் கடைகளுக்கு அனுப்புவது ஆகிய எல்லாக் கணக்கும் ஒரே கணினியில் ஒரு பழைய மென்பொருளில்தான் இருக்கிறது. விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்டு, மைக்ரோசாப்டின் ஆக்சஸ் என்ற தரவுத்தளக் கோப்பில் கணக்கைச் சேமிக்கும் அதனை உருவாக்கியவர் வெளிநாடு சென்றுவிட்டார். மூலநிரல், அதாவது அவர் எழுதிய நிரல் வரிகள், எங்களிடம் இல்லை. விண்டோஸ் 7 ஓடும் அந்தக் கணினியோ அடிக்கடி நின்றுவிடுகிறது. போதாததற்கு, எங்கள் கணக்கர் மாலைதோறும் அதே விவரங்களை டேலி என்ற கணக்கு மென்பொருளில் மறுபடியும் தட்டச்சு செய்கிறார். புதுச்சேரியில் தனியாகத் தொழில் செய்யும் நிரலர் ஒருவர் அனைத்தையும் புதிதாக எழுதித் தருவதாகச் சொல்கிறார். முழு வேலையையும் அவரிடம் ஒப்படைக்கலாமா? ஒப்படைத்தால் எவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்?

பதில் 1: முத்தியால்பேட்டை நிரலர்

ஐயா, நானும் புதுச்சேரியில் இதே தொழிலில்தான் இருக்கிறேன். முழுவதையும் புதிதாக எழுதும் வேலையை இப்போது தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உங்களுக்கு உடனடி ஆபத்து பழைய கணினிதானே தவிர, பழைய மென்பொருள் அன்று. விஷுவல் பேசிக் 6-இல் உருவான மென்பொருள்கள் விண்டோஸ் 11-இலும் ஓடும். அதற்கு வேண்டிய அடிப்படைக் கோப்புகளை மைக்ரோசாப்ட் இன்றும் விண்டோஸுடன் சேர்த்தே தருகிறது. புதிய கணினியில் திறக்கும்போது ஏதோ ஒரு ஓசிஎக்ஸ் கோப்பைக் காணவில்லை என்று பிழைச்செய்தி வரக்கூடும். அட்டவணை, நாட்காட்டி போன்ற பகுதிகளுக்கான அந்தக் கோப்புகளைப் பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே எடுத்து வைத்து, புதியதில் பதிவு செய்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டதால், இந்த இடமாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்ததாக அந்த நிரலரிடம் ஒரே ஒரு சிறு ஸ்கிரிப்ட் (ஒரு வேலையை மட்டும் செய்யும் குட்டி நிரல்) மட்டும் கேளுங்கள். அன்றைய வரவு செலவை ஆக்சஸ் கோப்பிலிருந்து படித்து, டேலி ஏற்றுக்கொள்ளும் எக்ஸ்எம்எல் என்ற வடிவக் கோப்பாக அது எழுதித் தர வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் இது பெரிய வேலை இல்லை. ஆனால் எம்டிபி என்ற பழைய ஆக்சஸ் கோப்புகளைத் திறக்கும் ஜெட் என்ற இணைப்பு மென்பொருள் 32 பிட் என்ற பழைய வடிவில் மட்டுமே உள்ளது; புதிய 64 பிட் வடிவப் பைத்தானிலிருந்து அதை அழைக்க முடியாது. இந்த இடத்தை உங்கள் நிரலர் எப்படிக் கடக்கிறார் என்று பார்த்தாலே அவருடைய கைத்திறன் உங்களுக்குத் தெரிந்துவிடும். கணக்கருக்கு மாலை வேலை குறைந்து, அந்த ஸ்கிரிப்ட் சில மாதங்கள் தொல்லையின்றி ஓடிய பிறகு பெரிய வேலையைப் பேசலாம். கொட்டை வரத்து மிகுந்திருக்கும் கோடைப் பருவத்தில் மட்டும் எதையும் மாற்ற வேண்டாம்.

பதில் 2: தமிழ்த் தரவு

ஊழியர் பெயர்களைத் தமிழில் பதிந்திருக்கிறீர்களா? பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், வெளியே எடுத்ததும் பெயர்கள் ஆங்கில எழுத்துகளாகவும், புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாகவும் தெரியும். யூனிகோடுக்கு மாற்றும் பணியை ஒப்பந்தத்தில் தனியாகக் குறிப்பிடுங்கள்.

மாற்றிய பின்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. கோமதி என்ற பெயரின் முதலெழுத்தை யூனிகோடில் இரு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், ஏகாரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் கணினிக்கு அவை இரு வேறு பெயர்கள். ஒரே பெண்ணின் கூலி இரண்டு கணக்காகப் பிரிந்து நிற்கும். அவருக்கு அந்த வாரம் பணம் குறையும். பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் செயல்பாடு பைத்தானுடனேயே வருகிறது. அதைப் பயன்படுத்தினாரா என்று கேளுங்கள். அதைவிட, ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து அந்த எண்ணை வைத்தே கூலியைக் கணக்கிடுவது நல்லது.

பதில் 3: கடலூர் கணக்காளர்

எழுத்தில் வாங்க வேண்டியது பற்றி மட்டும் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதினால் உரிமை முதலாளிக்குப் போகும்; தனியாகத் தொழில் செய்பவர் எழுதினால், எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்காதவரை, முழுப் பணமும் கொடுத்திருந்தாலும் உரிமை அவரிடமே இருக்கும். அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டையும் தெளிவாக எழுதி, ஒவ்வொரு தவணைப் பணத்தோடும் அதுவரையிலான மூலநிரலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால், புதுச்சேரியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வழங்கும் சேவை என்பதால் ரசீதில் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான ஜிஎஸ்டி) 18 சதவீதம் வரும். ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சேவையாளருக்குப் பதிவு கட்டாயமில்லை. அவர் வரி சேர்த்து ரசீது தந்தால் பதிவு எண்ணைச் சரிபாருங்கள்.

பண்ருட்டி வணிகர்

மூவருக்கும் நன்றி. பெயர்ப் பட்டியலை எக்செலில் எடுத்துப் பார்த்தேன். நிறைய அரைப்புள்ளிகள் தெரிகின்றன. சிறு ஸ்கிரிப்ட்டிலிருந்து தொடங்க நிரலரும் சம்மதித்துவிட்டார். கடலூர் முதுநகரில் எங்களுக்கு ஒரு கிடங்கு உள்ளது. அங்கிருந்தும் இதே ஆக்சஸ் கோப்பை இணையம் வழியாகத் திறந்து பதிவு செய்யலாமா?

முத்தியால்பேட்டை நிரலர்

வேண்டாம் ஐயா. ஆக்சஸ் கோப்பை இணைய இணைப்பின் வழியே திறந்து எழுதும்போது இடையில் இணைப்பு அறுந்தால் கோப்பே பழுதாகிவிடக்கூடும். கிடங்கில் தனியாக ஒரு எக்செல் தாளில் பதிந்து, இரவில் அனுப்பச் சொல்லுங்கள். அதை முதன்மைக் கணக்கில் சேர்ப்பதற்கு இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும் என்ற நிலை உண்மையாகவே வந்தால், அப்போது போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தை வைத்துப் புதிய மென்பொருள் எழுதுவது நியாயமான செலவு.

கோப்பின் நகலைத் தினமும் எடுங்கள். ஒரு நகலையாவது மாவட்டத்துக்கு வெளியே வையுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோது கடலூரும் புதுச்சேரியும் சேர்ந்தே அடிபட்டன. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகள் சாய்ந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் உறவினர் வீடு இருந்தால் அங்கே ஒரு வன்தட்டு போதும்.