உங்கள் அணி தோற்ற நாளில் எதிரணிக்காரர் உங்களை என்ன செய்தார்?

சின்னத்துறை மஞ்சள்சட்டை

புதன்கிழமை அதிகாலை, 2025 மார்ச் 26. உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச்சுற்று: அர்ஜென்டினா 4, பிரேசில் 1. ஆட்டத்தைப் பற்றி ஊரே பேசித் தீர்த்துவிட்டது, நான் கேட்பது வேறு. உங்கள் அணி தோற்ற நாளில் எதிரணி ரசிகர் ஒருவரிடம் நேருக்கு நேர் மாட்டியிருப்பீர்கள். என்ன நடந்தது? அதை எழுதுங்கள்.

முதலில் என் கதை. நான் பிரேசில் ரசிகன். ஐந்தரைக்கு ஆட்டம் தொடங்கியது. நாலாவது நிமிடத்தில் அல்வாரெஸ், பன்னிரண்டாவது நிமிடத்தில் என்சோ. குன்யா ஒரு கோலைத் திருப்பியதும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாதி ஆட்டம் முடிவதற்குள் மாக் அலிஸ்டர் மூன்றாவதையும் அடித்துவிட்டார். தவக்காலம் என்பதால் அம்மா காலைப் பூசைக்குக் கிளம்பினார், என்னையும் கூப்பிட்டார். கோயிலிலும் நீலச்சட்டைக்காரர்கள்தான் முன்வரிசையில் இருப்பார்கள் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

ஆனால் தேங்காப்பட்டணம் துறைமுகத்துக்குப் போகாமல் இருக்க முடியாது, பிழைப்பு. அங்கே மீன் ஏலம் விடுகிற அண்ணன் பழைய அர்ஜென்டினாக்காரர். என்னைக் கண்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் முன்னால் கிடந்தது ஒரு கூடை சாளை. "நாலாயிரத்து நூறு!" என்று ஆரம்பித்தார். சாளைக்கு யார் அந்த விலை கொடுப்பார்கள்? அடுத்தது கணவாய், அதற்கும் நாலாயிரத்து நூறு. சூரைக்கும் அதேதான். கேரளத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர் விஷயம் புரியாமல், இன்றைக்கு எல்லா மீனும் ஒரே விலையா என்று கேட்டார். மொத்த ஏலக்கூடமும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

கிளம்பும்போது அண்ணன் கூப்பிட்டு அயலை தந்தார். நாலை ஒரு பையிலும், ஒன்றைத் தனியாக இன்னொரு பையிலும் கட்டித் தந்தார். காசு வாங்கவில்லை.

வள்ளவிளை நீலம்

அந்த ஏலக்கார அண்ணனுக்கு என் வணக்கம். என் கதை 2022 நவம்பர் 22, சவுதி அரேபியாவிடம் தோற்ற நாள். அப்போது நான் கரையில் இல்லை. கொச்சியிலிருந்து புறப்பட்டு ஆழ்கடலில் தூண்டிலுக்குக் கிடந்தோம். எங்கள் படகில் எல்லாரும் அர்ஜென்டினா, சமையல்காரர் மட்டும் பிரேசில்.

கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கிற தூரத்தில் ஒரு படகு இருந்தது. அவர்கள் வயர்லெஸ்ஸில் அடுத்த படகுக்குச் சொல்வார்கள், அது கைமாறிக் கைமாறி எங்களுக்கு வரும். முதலில் வந்த செய்தி, மெஸ்ஸி பெனால்டியில் கோல். போதுமே, நிம்மதியாக வேலையைப் பார்த்தோம். அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்தது: சவுதி இரண்டு, அர்ஜென்டினா ஒன்று, ஆட்டம் முடிந்தது.

இடையில் இருந்த படகுகளெல்லாம் பிரேசில்காரர்களுடையவை. படகை ஓட்டும் எங்கள் ஸ்ராங்கு மைக்கைப் பிடுங்கி, வயர்லெஸ்ஸில் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லக் கூடாது, இது கடல், நாளைக்கு உண்மையிலேயே ஆபத்து என்றால் எவன் நம்புவான் என்று சத்தம் போட்டார். அந்தப் பக்கமிருந்து சிரிப்புதான் பதிலாக வந்தது. பொய் என்றே முடிவு செய்துவிட்டோம். மெஸ்ஸி இருக்கும்போது சவுதியாவது, ஜெயிப்பதாவது!

பிறகு வேறொரு படகு பக்கத்தில் வந்தபோதுதான் உண்மை என்று தெரிந்தது. அன்று இரவு சமையல்காரர் ஒன்றும் பேசவில்லை. சோற்றுக்குப் பிறகு ஆளுக்கு ஒரு டம்ளர் சேமியா பாயசம் வைத்தார். இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆனால் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடலில் பாயசம் கிடைப்பதே அபூர்வம்.

டிசம்பர் 18 இறுதி ஆட்டத்துக்குள் கரை சேர்ந்துவிட்டோம். அதை இங்கே எழுத முடியாது, அது தோற்ற நாள் இல்லையே.

நாகர்கோவில் சேப்பாக்கம்

கிரிக்கெட்டும் எழுதலாமா? நேற்று இரவு சென்னை அணி பெங்களூருவிடம் 50 ரன்னில் தோற்றது. சேப்பாக்கத்தில் 2008-க்குப் பிறகு அவர்களிடம் நாங்கள் அதுவரை தோற்றதே இல்லை. எங்கள் மாடியில் குடியிருப்பவர் பெங்களூரு ரசிகர், வாய் திறக்காத மனிதர். நேற்று தீபாவளிக்கு மிச்சம் வைத்த சரவெடியை எடுத்து வந்து வாசலில் கொளுத்தினார். நமுத்துப் போயிருந்தது, வெடிக்கவில்லை. நான்தான் புதுத் தீப்பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வள்ளவிளை நீலம்

தோனி ஒன்பதாவதாக இறங்கினால் சரவெடியும் அப்படித்தான் இருக்கும். பந்தாட்டத்துக்கு வாருங்கள்.

தக்கலை வாத்தியார்

கேலியில் அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. 1990 ஜூன் 24, டூரின். பிரேசில் அந்த ஆட்டத்தில் கோல் கம்பத்தை உலுக்கி எடுத்தது. ஆனால் 81-ஆவது நிமிடத்தில் மரடோனா கொடுத்த ஒரே ஒரு பாஸ், கனிஜியா, கோல், முடிந்தது. எங்கள் தெருவில் தொலைக்காட்சி இருந்தது ஒரு வீட்டில்தான். அந்த வீட்டுக்காரர் அர்ஜென்டினா. திண்ணை நிறைய உட்கார்ந்திருந்த நாங்களோ பிரேசில்.

கோல் விழுந்ததும் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அடுக்களையிலிருந்து ஒரே ஒரு கைத்தட்டல் கேட்டது. திரும்பி வரும்போது முகத்தில் ஒன்றும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் கட்டன்சாயா கொடுத்தார். என் வீட்டுக்கு வந்தவர்கள் தோற்றுப்போய் இருக்கிறார்கள், நான் எப்படிக் குதிப்பது என்று பின்னால் ஒருநாள் சொன்னார். இப்போது தோற்றவன் வீட்டு வாசலில் வந்து நின்று செண்டை அடிக்கிறார்கள்.

புதன்கிழமை ஆட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெஸ்ஸி இல்லாமலேயே நாலு என்று ஆடுகிறவர்களுக்கு: மெஸ்ஸி இல்லாததால்தான் அது நடந்தது என்று நான் சொல்வேன். டி பால், பரேடெஸ், என்சோ, மாக் அலிஸ்டர் என்று நடுக்களத்தில் நாலு பேர். எங்களுக்கு ஆந்த்ரேயும் ஜோலிண்டனும் மட்டும். புரூனோ கிமாரெஸ் தடையில் வெளியே. நாலு பேர் பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு பேர் எவ்வளவு தூரம்தான் ஓடுவார்கள்? வினீசியஸ், ரஃபீனியா, ரோட்ரிகோ என்று முன்னால் எத்தனை பேரை நிறுத்தினாலும் பந்து அங்கே போய்ச் சேர வேண்டும் அல்லவா? எங்களுக்குக் கிடைத்த ஒரு கோலும் ரொமேரோ கோட்டைவிட்டுத் தந்தது. இப்போது பயிற்சியாளர் டோரிவாலை நீக்கிவிட்டார்கள். நடுக்களம் அதேதான் இருக்கப் போகிறது.

வள்ளவிளை நீலம்

சார், மரியாதையோடு கேட்கிறேன். நீங்கள் 1990-இலேயே இருக்கிறீர்கள். 2021 கோபா அமெரிக்கா இறுதி, உங்கள் பிரேசிலின் மரக்கானா மைதானத்தில், ஒன்றுக்குப் பூஜ்யம். 2023 நவம்பரில் அதே மரக்கானாவில் ஒட்டமெண்டி, மறுபடியும் ஒன்றுக்குப் பூஜ்யம். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பிரேசில் சொந்த மண்ணில் தோற்றது அதுதான் முதல்முறை. எல்லாமே நடுக்களமா?

தக்கலை வாத்தியார்

எல்லாமே நடுக்களம்தான். ஐந்து கோப்பை, தம்பி. எண்ணிவிட்டு வாருங்கள்.

குளச்சல் மயினி

பெண்கள் எழுதலாம் அல்லவா? என் வீட்டுக்காரர் பிரேசில், என் உடன்பிறந்த அண்ணன் அர்ஜென்டினா. கல்யாணம் பேசும்போது யாரும் இதைச் சொல்லவில்லை.

2014 ஜூலையில் ஜெர்மனி ஏழு கோல் அடித்த இரவு. இங்கே மணி ஒன்றரைக்கு மேல். நான் தூங்கிவிட்டேன். அரைமணி நேரத்தில் ஐந்து கோல் விழுந்துவிட்டது. இவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். வீட்டில் யாருமே இல்லை என்று நினைக்கட்டும் என்பது கணக்கு. ஜன்னல் பக்கம் என் அண்ணன் குரல் கேட்கிறது: "மச்சான், தூங்கிவிட்டீர்களா? ஒன்றும் இல்லை, ஆறாவது விழுந்துவிட்டது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், ஏழாவதற்கு. ஆஸ்கார் ஒரு கோல் அடித்தாரே, அதைச் சொல்ல மட்டும் வரவில்லை.

இவர் பொறுத்துக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் இறுதி ஆட்டம், ஜெர்மனியும் அர்ஜென்டினாவும். ஒரு வாரத்துக்கு எங்கள் வீடு ஜெர்மனி. 113-ஆவது நிமிடத்தில் கோட்சே அடித்ததும் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அண்ணன் வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. ஜன்னலில் தட்டினால் மதினிதான் எட்டிப் பார்த்தார். அவர் ஊரில் இல்லை, கடலுக்குப் போயிருக்கிறார் என்றார். கட்டிலுக்கு அடியில் இருந்து இருமல் கேட்டது.

இன்னொன்றும் உண்டு. 2022 டிசம்பர் 9 இரவு பிரேசில் குரோஷியாவிடம் டை பிரேக்கரில் போனது. அடுத்த ஆட்டம் அர்ஜென்டினாவுக்கும் நெதர்லாந்துக்கும். இவர் டச்சுக்காரர்களுக்காக உட்கார்ந்திருந்தார். இரண்டுக்கு இரண்டு ஆனதும் குதித்தார். டை பிரேக்கரில் அவர்களும் போனார்கள். மறுநாள் அண்ணன் வந்து இவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் கடற்கரை வெற்றித்தூணைக் காட்டினார். "டச்சுக்காரர்களை 1741-இலேயே நம் ஊரில் வைத்து மார்த்தாண்ட வர்மா தீர்த்துவிட்டார் மச்சான். அது தெரிந்தும் நீங்கள் அவர்கள் பக்கம் நின்றீர்களே!"

அதற்கு இவரிடம் இன்றுவரை பதில் இல்லை.

பூத்துறை

மயினி எழுதியதைப் படித்துச் சிரித்தேன். என்னுடையது சிரிக்கும் கதை இல்லை. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

2018 ஜூலை 6, பெல்ஜியம் பிரேசிலை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. அதற்கு ஒரு வாரம் முன்பே பிரான்ஸ் அர்ஜென்டினாவை வெளியேற்றிவிட்டது. இரண்டு பக்கமும் தோல்வி. ஒவ்வொரு முறையும் பிரேசில் தோற்றால் என் வீட்டுக்கு வந்து, பனியனைக் கழற்றிக் கொடு, தோய்த்துத் தருகிறேன் என்று கேட்கிற ஓர் ஆள் உண்டு. சின்ன வயதிலிருந்து கூட்டாளி. ஒக்கி புயல் வந்தபோது கடலில் இருந்தவர்களில் அவனும் ஒருவன், 2017 நவம்பர் கடைசியில்.

அன்று இரவு ஆட்டம் முடிந்து வெளியே வந்தேன். தெருவில் ஆட்கள் நின்றார்கள், அர்ஜென்டினாக்காரர்களும் இருந்தார்கள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய அப்பா தம் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். "பிரேசில் போய்விட்டதா?" என்று கேட்டார். போய்விட்டது மாமா என்றேன். "அப்படியானால் பனியனைக் கொடு" என்றார்.

கொடுத்தேன். மறுநாள் தோய்த்து, மடித்து, திருப்பித் தந்தார். 2022-இலும் கேட்டார்.

சின்னத்துறை மஞ்சள்சட்டை

பூத்துறை அண்ணன் எழுதியதற்குக் கீழே வேறு எதையும் எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் மற்றவர்கள் தொடருங்கள், அவரும் அதைத்தான் விரும்புவார்.

மார்த்தாண்டம் மேம்பாலத்தடி

சரி, நான் தொடருகிறேன், உள்ளூர் விவகாரம். நான் சென்னையின் எஃப்சி. பக்கத்துக் கடைக்காரர் கேரளா பிளாஸ்டர்ஸ். இங்கே பாதிப் பேர் அப்படித்தான். திருவனந்தபுரம் பக்கத்திலேயே இருக்கிறது, சென்னைக்கு ஓர் இரவு ரயிலில் கிடக்க வேண்டும். 1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, நீங்கள் இன்னும் சேரவில்லையா என்று நான் அவரைக் கேட்பது வழக்கம்.

2020 மார்ச் 14, ஐஎஸ்எல் கால்பந்து இறுதியில் சென்னையினும் கொல்கத்தாவின் ஏடிகேயும். கொரோனாவால் மைதானம் காலி. பிளாஸ்டர்ஸ் எப்போதோ வெளியேறிவிட்டது, இவருக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் ஏடிகே சட்டை நிறத்தில் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் கடையில் உட்கார்ந்தார். ஏன் என்றால், நம் பக்கத்து ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜ் அப்போது அந்த அணியில் இருந்தார். "நம் கடற்கரைப் பையன் அங்கே இருக்கும்போது நீ சென்னைக்குக் கத்துகிறாயே, மாவட்டத்தோடு எப்போது சேரப் போகிறாய்?" என்று என் கேள்வியை எனக்கே திருப்பினார். மூன்றுக்கு ஒன்று, தோற்றோம்.

இரண்டு ஆண்டு காத்திருந்தேன். 2022 மார்ச் 20, பிளாஸ்டர்ஸ் மூன்றாவது முறையாக இறுதிக்கு வந்து மூன்றாவது முறையாகத் தோற்றது, ஹைதராபாத்திடம், டை பிரேக்கரில். காலையில் முதல் ஆளாகப் போனேன். கடை பூட்டியிருந்தது. ஷட்டரில் ஒரு காகிதம்: "குடும்ப நிகழ்ச்சி காரணமாக விடுமுறை." நாலு நாள் திறக்கவில்லை. என்ன குடும்பமோ, என்ன நிகழ்ச்சியோ.

சூசைராஜ் விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது நியாயம் என்று இப்போதும் நினைக்கிறேன். தூத்தூர்ப் பக்கத்து மணலில் பந்து உதைத்த ஒருவர் கோப்பையோடு நிற்கும்போது அணிப் பெயரைப் பார்த்தா கைதட்டுவது? வாத்தியார் சார் என்ன சொல்கிறீர்கள்?

தக்கலை வாத்தியார்

கைதட்டலாம். ஆனால் அடுக்களைக்குப் போய்.

இரையுமன்துறை ஐஸ்

கடைசியாக ஒரு வழக்கு. தீர்ப்பு நீங்கள்தான் சொல்ல வேண்டும். 2022-இல் நாங்கள் பிரேசில்காரர்கள் காசு பிரித்து நெய்மாருக்குப் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தோம். குரோஷியாவிடம் தோற்ற மறுநாள் விடியற்காலை பார்த்தால் சட்டம் மட்டும் நிற்கிறது, ஃப்ளெக்ஸ் இல்லை. கிழித்துப் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டோம்.

போன மழைக்காலத்தில் ஓர் அர்ஜென்டினாக்காரர் வீட்டுக்கு வலை வாங்கப் போனேன். கொல்லையில் ஆட்டுக்கொட்டகை. மேலே அண்ணாந்து பார்த்தால் நெய்மார். ஒரு துளி ஒழுகவில்லை.

திருப்பிக் கேட்டேன். அவர் சொல்கிறார்: "டிசம்பரில் இருந்து உங்கள் நெய்மாரை வெயிலிலும் மழையிலும் காப்பாற்றி வைத்திருக்கிறேன், இதற்கு நீதான் எனக்கு வாடகை தர வேண்டும்." 2026 உலகக் கோப்பைக்காவது தாருங்கள் என்றேன். முதலில் நெய்மார் அணிக்குத் திரும்பட்டும், அதுவரை ஆடுகள் நனையக் கூடாது என்கிறார்.

அந்தக் காசில் என் பங்கும் இருக்கிறது. சொல்லுங்கள், ஃப்ளெக்ஸ் யாருக்குச் சொந்தம்?

வள்ளவிளை நீலம்

ஆடுகளுக்கு.