ஒன்று போன பிறகும் இன்னொன்று இருக்கிறது என்பதற்கு என்ன வினை?

கேள்வி:
தாத்தாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் தன் கையால் இழைத்துச் செய்த மர நாற்காலி, அவர் இறந்து 20 வருடம் ஆகியும் ஆடாமல் நிற்கிறது. ‘தாத்தாவை விட நாற்காலி அதிக காலம் நீடித்தது’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் இரண்டையும் ஒரே தராசில் வைத்தது போல இருக்கிறது, உயிரே இல்லை. இதை ஒரே வினையில் சொல்ல முடியுமா?

பதில் 1:
இடிப்பது ‘நீடித்தது’தான். போர் நீடிக்கும், இழுபறி நீடிக்கும், அதாவது பெரும்பாலும் நிகழ்வுகளுக்கு வருகிற சொல். புழங்கித் தேய்கிற பொருளுக்கு நாம் வழக்கமாகச் சொல்வது ‘உழைக்கும்’. இந்தச் செருப்பு நன்றாக உழைத்தது, இந்தத் துணி ரொம்ப நாள் உழைக்கும் என்கிறோம் அல்லவா? ‘தாக்குப்பிடித்தது’ வேண்டாம். அதற்கு எதிரே ஏதாவது மோத வேண்டும், வெள்ளமோ பசியோ நல்ல பந்துவீச்சோ. நாற்காலி கரையானைத் தாக்குப்பிடிக்கலாம், தாத்தாவைத் தாக்குப்பிடித்தது என்றால் அவர் அதைப் போட்டு உடைக்கப் பார்த்தது மாதிரி ஆகிவிடும்.

பதில் 2:
பழைய சொல் ஒன்று உண்டு, மன்னுதல். புறநானூறு 165ஆம் பாட்டின் தொடக்கமே ‘மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர் தம்புகழ் நிறீஇத் தாம்மாய்ந் தனரே’ என்பதுதான். நிலையில்லாத உலகத்தில் நிலைக்க நினைத்தவர்கள் தங்கள் புகழை நிறுத்திவிட்டுத் தாங்கள் மாய்ந்தார்கள். நீங்கள் சொல்ல வருவதும் இதுதானே? அங்கே ‘விட’ என்று ஒப்பிடவே இல்லை பாருங்கள், நிறுத்தினார்கள், மாய்ந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் இன்று ‘மன்னியது’ என்று எழுதினால் படிப்பவருக்கு மன்னிப்புதான் நினைவுக்கு வரும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. அப்புறம் இன்னொன்று, பாட்டி தாத்தாவுக்குப் பின் 11 வருடம் வாழ்ந்தார். அதற்கு?

பதில் 3:
‘பிழைத்தார்’ போடாதீர்கள், அது விபத்திலிருந்தோ நோயிலிருந்தோ தப்பியவருக்கு. ‘எஞ்சினார்’ என்றால் போருக்குப் பின் தலை எண்ணுவது போல இருக்கும். ‘அவருக்குப் பிறகும் 11 வருடம் இருந்தார்’ போதும், அந்த ‘இருந்தார்’ எளிய சொல்தான், ஆனால் அந்த 11 வருடத்தின் தனிமை அதில் கேட்கிறது. நீங்கள் தேடுகிற பொருள் வினையில் இல்லை, ‘பிறகும்’ என்பதில் உள்ள ‘உம்’மில் இருக்கிறது. ‘மழை விட்டும் தூவானம் விடவில்லை’ என்பதில் ‘விட்டும்’ என்கிற ஒரு சொல்தானே அத்தனை வேலையையும் செய்கிறது.

கேட்டவர்:
சரி, ‘தாத்தா போன பிறகும் அவர் செய்த நாற்காலி உழைத்துக்கொண்டிருக்கிறது’ என்று மாற்றிவிட்டேன். உழைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அவர் முகம்தான் வரும், அதே சொல் நாற்காலிக்கும் பொருந்தும் என்று இத்தனை நாள் தோன்றவே இல்லை.