பொருள்: ‘ஆகுகருவி’ என்னும் சொல்லுக்கான முன்மொழிவு

அன்பிற்குரிய குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுத்துவரும் வீட்டுப் பழுதுபார்ப்புச் சொற்பட்டியலில் ஒரு கருத்துக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. சமையலுக்கோ துவைப்புக்கோ பூசைக்கோ வாங்கிய ஒரு பொருள், உருவம் சிறிதும் மாறாமல், வண்டி நிறுத்துமிடத்தில் கருவியாகப் பயன்படும்போது அதை எப்படி அழைப்பது என்பதே கேள்வி. ‘மாற்றுக்கருவி’, ‘துணைக்கருவி’, ‘ஒப்பேற்றுக்கருவி’, ‘தோதுக்கருவி’ என்னும் நான்கும் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. ஐந்தாவதாக ‘ஆகுகருவி’ என்பதை முன்மொழிகிறேன்.

சொல்லை எடைபோடுமுன், அது எவற்றைக் குறிக்கப்போகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாவை ஒட்டிய சாய்ப்பில் ஒரு ஸ்கூட்டரும் இரண்டு சைக்கிள்களும் நிற்கின்றன. ஸ்கூட்டரின் கார்ப்புரேட்டரைப் பிரிக்கும்போதெல்லாம் பழைய குழிப்பணியாரச் சட்டி ஒன்றை அருகில் வைத்துக்கொள்கிறேன். முதலில் கழற்றிய திருகாணி முதல் குழியில், அடுத்தது அடுத்த குழியில் என்று போட்டுக்கொண்டே வந்து, மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து தொடங்கினால், எது எங்கே இருந்தது என்ற குழப்பமே எழுவதில்லை. வாஷர்களும் நட்டுகளும் அஞ்சறைப் பெட்டியில் இருக்கின்றன. மண்ணெண்ணெயில் ஊறவேண்டிய சிறு உறுப்புகளுக்குச் சிரட்டை போதும். தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று பார்க்க ஈர்க்கு ஒன்றை விட்டு எடுத்தால் நனைந்த உயரம் தெரிந்துவிடுகிறது. மரத்தூளில் சிந்திய ஆணிகளைச் சுளகில் இட்டுப் புடைத்தால் தூள் பறந்து ஆணி தங்குகிறது. சிறிய ஆணியை விரலால் பிடிக்காமல் துணிக் கவ்வியால் பிடித்துக்கொண்டு அடித்தால் விரல் நசுங்குவதில்லை.

சுவரில் அலமாரி பொருத்துவதற்குச் செங்குத்துக்கோடு வேண்டுமானால், பூட்டு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டாலே தூக்குக்குண்டு கிடைத்துவிடும். பூட்டின் வடிவம் ஒழுங்கற்றது என்பதால் கோடு சாய்ந்துவிடுமோ என்று சிலர் ஐயப்படுகிறார்கள். ஆட்டம் அடங்கியபின் நூல் புவியீர்ப்பின் திசையிலேயே நிற்கும். பூட்டு எப்படித் தொங்கினாலும் நாம் குறித்துக்கொள்வது நூலின் கோட்டைத்தான். அதே நூலில் கோலப்பொடியைத் தடவி, இரு முனைகளையும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால், தச்சர்கள் பலகையில் அடிக்கும் நேர்கோடு விழுந்துவிடும்.

இவற்றை நேரில் கையாண்ட ஒருவரால் ‘ஒப்பேற்றுக்கருவி’ என்ற சொல்லை ஏற்க முடியாது. ஒப்பேற்றுதல் என்றால் சரியானது இல்லாத குறையை ஏதோ ஒன்றைக் கொண்டு மூடிவைப்பது என்றே நம் ஊரில் பொருள்படும். பூட்டு காட்டும் கோட்டில் எந்தக் குறையும் இல்லை. ‘மாற்றுக்கருவி’யிலும் இதே சிக்கல் மென்மையான வடிவில் இருக்கிறது, எதற்கு மாற்று என்ற கேள்வியை அது உடனே எழுப்புகிறது. ஈர்க்கும் சுளகும் செய்யும் வேலைக்கென்று தனிக்கருவி எதையும் நாம் வாங்கி வைப்பதில்லை என்பதால், அவை எதற்கும் மாற்றல்ல.

‘துணைக்கருவி’யைப் பரிந்துரைத்த நண்பரின் எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்தச் சொல்லுக்கு இலக்கணத்தில் முன்பே ஓரிடம் உண்டு. மூன்றாம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது, மண்ணால் குடம் வனைந்தான் என்பதில் மண் முதற்கருவி என்றும், திரிகையால் குடம் வனைந்தான் என்பதில் திரிகை துணைக்கருவி என்றும் படித்திருக்கிறோம். அந்தக் கணக்கில் கடையில் வாங்கிய ஸ்பேனரும் துணைக்கருவியே ஆகிவிடும்.

‘தோதுக்கருவி’யைக் கைவிடுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அது வீட்டில் புழங்கும் சொல். வாயில் எளிதாக வருவது. யாருக்கும் விளக்கம் தேவைப்படாதது. இரண்டு வாரங்களுக்கு முன் அதற்கே ஆதரவாக எழுத இருந்தேன். அதற்குள், எங்கள் தெருமுனையில் சைக்கிள் பழுதுபார்ப்பவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லி, எதைக் குறிக்கும் என்று கேட்டேன். அவர் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்பேனர்களைக் காட்டி, “அண்ணாச்சி, அந்தந்த நட்டுக்கு அந்தந்த நம்பர்தான் தோது” என்றார். அவர் சொன்னதே சரி. வேலைக்கு மிகப் பொருந்தியதே தோது என்றால், அளவுக்கேற்பச் செய்த ஸ்பேனரைவிடத் தோதான கருவி வேறில்லை. நாம் குறிக்க விரும்பும் பொருளை அந்தச் சொல் தனித்துக் காட்டவில்லை.

இனி ‘ஆகுகருவி’. ஆனித் தேரோட்டத்தன்று “திருநெல்வேலியே திரண்டுவிட்டது” என்கிறோம். ஊர் இடம்பெயர்வதில்லை, ஊரின் பெயர் அங்கு வாழும் மக்களுக்கு ஆகி வருகிறது. இதனை ஆகுபெயர் என்றார்கள். அவ்வாறே, பணியாரச் சட்டி பணியாரச் சட்டியாகவே இருக்க, அதன் குழிகள் மட்டும் வேறொரு வேலைக்கு ஆகி வருகின்றன. பொருள் மாறாமல் பயன் மட்டும் பெயர்வதைக் காட்ட நம் மொழியில் முன்பே இருக்கும் வாய்பாடு இது. மேலும் இது வினைத்தொகையாதலால், ஆன கருவி, ஆகின்ற கருவி, ஆகும் கருவி என முக்காலத்தையும் தன்னுள் அடக்குகிறது. அஞ்சறைப் பெட்டி என்றோ கருவியாகிவிட்டது. பூட்டு வேலை நடக்கும் அரைமணி நேரம் மட்டும் கருவியாகிறது. இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘ஆகுக்கருவி’ என்று எழுதிவிடக் கூடாது என்பதையும் பட்டியலில் குறிக்க வேண்டும்.

கருவியின் பெயர் அதிலிருந்து எழும் இசைக்கு ஆகி வரும் ‘யாழ் கேட்டாள்’ போன்ற கருவியாகுபெயரோடு இது மயங்காதா என்று யாரேனும் கேட்கக்கூடும். அங்கே இறுதிச்சொல் பெயர். இங்கே இறுதிச்சொல் கருவி. அந்த வேறுபாடே போதும் என்று கருதுகிறேன்.

எல்லையையும் வரையறுத்துவிட வேண்டும். மரத்தில் இறுக்குமுன் திருகாணியின் மரையில் தேய்க்கும் மெழுகுவத்தியும், இறுகிய பூட்டில் தூவும் பென்சில் கரியும் மிகவும் உதவுபவை. (சோப்புத் தேய்ப்பவர்கள் உண்டு, அது ஈரத்தை ஈர்த்துத் திருகாணியைத் துருவேற்றும். பூட்டில் தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.) எனினும் இவை வேலையில் கரைந்துபோகும் பொருள்கள், இவற்றைக் கருவியில் சேர்க்க இயலாது. பிளாஸ்டிக் புட்டியின் கழுத்தை வெட்டிப் புனலாக்கினால், அது புதிதாகச் செய்த கருவி. அதுவும் இந்த வகையில் சேராது. மண்ணெண்ணெய் பட்ட சட்டி மறுபடி அடுப்புக்குப் போகக் கூடாது என்பதால், அதை மட்டும் நிலையாக ஆன கருவி என்று குறித்துவைக்கலாம்.

பட்டியலில் சேர்க்க நான் பரிந்துரைக்கும் வரையறை: ‘ஆகுகருவி (பெயர்): வேறொரு பயனுக்காக வீட்டில் உள்ளதும், உருவம் மாற்றப்படாமலும் தேய்ந்து தீராமலும் ஒரு வேலைக்குக் கருவியாக ஆகி வருவதுமான பொருள். எ-டு: தூக்குக்குண்டாகும் பூட்டு.’ ஸ்கூட்டரின் கீழே படுத்து வேலை பார்க்க நான் விரிக்கும் பழைய கோரைப்பாயை இதில் சேர்க்கலாமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. அது படுப்பதற்கான பாயாகவே இருந்துகொண்டுதானே வேலைக்கு உதவுகிறது? இதுபற்றி நண்பர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து