ஃபேக், கவுன்டர்ஃபீட் ரெண்டுக்கும் தமிழில் என்ன எழுதுவது?

பனியன்_மெர்ச்சண்டைசர்:
வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறேன். பாக்ஸருக்குப் பையர் அனுப்புகிற, தைக்கும் விவரம் அடங்கிய டெக் பேக்கில் 'ஃபேக் ஃப்ளை' என்று போட்டிருக்கும், அதாவது முன்பக்கம் தையல் கோடு மட்டும் ஓடும், திறப்பு இருக்காது. அதே பையரின் அக்ரிமெண்ட்டில் 'கவுன்டர்ஃபீட்' என்று வருகிற இடமெல்லாம் ஆர்டர் கேன்சல், வழக்கு என்றுதான் போகிறது. இதைத் தமிழில் எழுதித் தையல் லைனில் ஒட்டச் சொன்னார்கள். ரெண்டுக்கும் 'போலி' என்று போட்டுவிட்டேன். டெய்லர் அக்கா ஒருத்தர் படித்துவிட்டு, "அப்ப நாங்க தைக்கிற ஃப்ளையும் தப்பாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

சென்னிமலை_தறி:
ஏமாற்றுகிற எண்ணம் இருக்கிறதா என்று பாருங்க அம்மிணி, அங்கேதான் ரெண்டும் பிரிகிறது. ஃபேக் என்றால் நிஜமில்லாதது, அவ்வளவுதான். செயற்கை ரோமத் துணியை ஃபேக் ஃபர் என்று கேட்லாக்கிலேயே அச்சடித்து விற்கிறார்கள், வாங்குகிறவருக்கும் தெரியும். கவுன்டர்ஃபீட்டுக்கு அசல் என்று ஒன்று இருக்க வேண்டும், அதைப் பார்த்துச் செய்து, அசல்தான் என்று நம்ப வைக்க வேண்டும். 1860-ஆம் வருட இந்திய தண்டனைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே விளக்கம் தொடர்கிறது. அச்சு அசலாக இருக்கணும் என்பதுகூட இல்லை, பார்க்கிறவர் ஏமாறக்கூடும் என்று தெரிந்தே செய்தால் போதும்.

தமிழில் இதற்கு எப்போதோ வார்த்தை பிரித்து வைத்திருக்கிறோம். பொய்ப்பல், பொய்க்கால் குதிரை என்கிறோம், அதில் யாரும் ஏமாறுவதில்லை. ஆனால் நோட்டு என்று வந்தால் கள்ள நோட்டு. அதனால் உங்கள் ஃப்ளைக்குப் 'பொய்த் திறப்பு' என்றும், மற்றதற்குக் 'கள்ள லேபிள்', 'கள்ளச் சரக்கு' என்றும் எழுதலாம்.

கூடுதுறை:
ஒரு இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். சரக்கே கள்ளமாக இருக்க வேண்டியதில்லை. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் வேறு ஊரில் விசைத்தறியில் ஓட்டிய விரிப்பைப் பவானி என்று சொல்லித்தான் பல கடைகளில் விற்கிறார்கள். விரித்துப் படுத்தால் அதுவும் விரிப்புதான், பொருளில் பொய் இல்லை, பேரில்தான் பொய். என் அப்பா குழித்தறியில் காலமெல்லாம் உட்கார்ந்து நெய்தவர், எனக்கு இது வயிற்றெரிச்சல். ஆர்டர் போக உங்களிடம் மிஞ்சுகிற மிச்ச பீஸும் அப்படித்தான்: அதே துணி, அதே டெய்லர், ஆனால் பையரின் லேபிளை வெட்டாமல் வெளியே போனால் பையர் சும்மா விடமாட்டார். அதையும் நோட்டீஸில் சேருங்க.

கோபி_தமிழாசிரியர்:
'போலி' என்ற சொல்லிலேயே குழப்பம் இருக்கிறது. 'போல' என்பதிலிருந்து வந்தது அது. அறம் என்பதை அறன் என்று எழுதினால் இலக்கணத்தில் கடைப்போலி, அங்கே மோசடி எங்கே இருக்கிறது? போலி மருத்துவர் என்றால் மோசடி. ரெண்டு பக்கமும் போகிற சொல்லை எச்சரிக்கை நோட்டீஸில் வைக்காதீர்கள்.

பனியன்_மெர்ச்சண்டைசர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பழைய தாளைக் கிழித்துவிட்டேன். பொய்த் திறப்பு, கள்ள லேபிள் ரெண்டும் எழுதி, கீழே மிச்ச பீஸ் விஷயமும் சேர்த்தாச்சு. அந்த அக்காவிடமே முதலில் படிக்கக் கொடுத்தேன். "இப்ப சரிங்க" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார்.