வளாகத்து கோஜென்: கிரிட் போனால் தனியே ஓட்டலாமா?

நீராவிப்பிரியன்:
பல்கலைக்கழக வளாகம், உள்ளேயே ஒரு மருத்துவமனை. உச்ச லோடு 18 மெகாவாட், 11 கிலோவோல்ட் விநியோகம். 5 மெகாவாட் கேஸ் டர்பைன் இரண்டு வைத்து, புகையோடு போகும் சூட்டில் நீராவியும் எடுக்கும் கோஜென் போடப் போகிறோம். கிரிட் விழுந்தாலும் தனித்து ஓடுகிற ஐலேண்டிங் வசதி வேண்டுமென்றால் எலக்ட்ரிக்கல் செலவு எகிறும் என்கிறார் ஆலோசகர். மெஷின் இருக்கிறது, கேஸும் வருகிறது. கிரிட்டோடு இணைக்கும் மெயின் பிரேக்கரைத் திறந்துவிட்டால் அதுபாட்டுக்கு ஓடாதா?

டீசல்தாசன்:
அந்த வசதியே வேண்டாம் என்பேன். கோஜென் சூட்டுக்காக ஓடுவது. நீராவித் தேவை குறைந்தால் ஒரு மெஷினை நிறுத்துவீர்கள். கிரிட் என்ன உங்களைக் கேட்டுக்கொண்டா விழும்? தனித்து ஓடும்போது மின் லோடு சொல்கிறபடிதான் மெஷின் ஆட வேண்டும், மிஞ்சிய சூட்டை வெளியே விட வேண்டும். அறுவை அரங்கு, ஐசியு, ஆய்வகக் குளிர்பெட்டிகளுக்கு டீசல் செட் போடுங்கள், 10 வினாடிக்குள் லோடு எடுத்துவிடும். வேலை முடிந்தது.

ரிலேக்காரர்:
பிரியன் சார், அதுபாட்டுக்கு ஓடாது. கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு ஜெனரேட்டரும் சேர்த்து 12.5 எம்விஏ (மெஷின் திறனின் அளவு), இனர்ஷியா மாறிலி (சுழலும் நிறையில் தேங்கிய ஆற்றல் முழுத் திறனில் எத்தனை வினாடி தாங்கும் என்பது) 1.5 வினாடி என்று வையுங்கள். லோடு 18, உற்பத்தி 10. கிரிட் போன கணத்தில் 8 மெகாவாட் பற்றாக்குறை. 50 ஹெர்ட்ஸ் சிஸ்டத்தில் அலைவெண் வினாடிக்கு 10 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியும். கால் வினாடிக்குள் 47.5-க்குக் கீழே போய்விடும், டர்பைனும் டிரிப் ஆகிவிடும். அலைவெண் குறையக் குறையப் படிப்படியாக லோடை வெட்டுகிற பழைய முறைக்கு அங்கே நேரமே இல்லை. மெயின் பிரேக்கர் திறந்த சிக்னல் வந்ததுமே, முன்பே தேர்ந்து வைத்த ஃபீடர்கள் (ஒவ்வொரு பகுதிக்கும் மின்சாரம் கொண்டுபோகும் கிளை லைன்கள்) ஒரே அடியில் விழ வேண்டும்.

இன்னொன்று. கிரிட் போனதைக் கண்டுபிடிக்கும் ரிலே எதை டிரிப் செய்கிறது என்று பாருங்கள். வழக்கமாக அது ஜெனரேட்டர் பிரேக்கரைத்தான் திறக்கும். ஐலேண்டிங் வேண்டுமென்றால் மெயினைத் திறக்க வேண்டும். அதே நொடியில் கவர்னர் (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) டிரூப்பிலிருந்து (லோடு ஏறினால் வேகம் சற்றுக் குறைய விடும் முறை) ஐசோக்ரோனஸுக்கும் (வேகத்தை மாறாமல் பிடிக்கும் முறை), ஏவிஆர் (வோல்டேஜ் சீராக்கி) பவர் ஃபேக்டர் கட்டுப்பாட்டிலிருந்து வோல்டேஜ் கட்டுப்பாட்டுக்கும் மாற வேண்டும்.

டீசல்தாசன்:
இத்தனையும் ஒரே நொடியில் சரியாக நடக்கும் என்று நம்பி மருத்துவமனையை விடச் சொல்கிறீர்கள்!

ரிலேக்காரர்:
மருத்துவமனைக்கு டீசல் வேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை. ஆனால் நாள்கணக்கில் கிரிட் இல்லாதபோது டீசல் மட்டும் போதாது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கோஜென் கிரிட்டிலிருந்து பிரிந்து நின்று வளாகத்துக்கு மின்சாரம் தந்தது. அதே புயலில் மன்ஹாட்டனில் ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து, ஜெனரேட்டருக்கு டீசல் ஏற்றும் பம்புகள் மூழ்கின. நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

டீசல்தாசன்:
பம்பைப் பள்ளத்தில் வைத்தவர் தவறு அது, டீசலின் தவறல்ல. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் என்ன நடந்தது? உறைபனியில் கேஸ் உற்பத்தியே விழுந்தது. மின்சாரம் போனதால் கேஸ் கருவிகளும் நின்றன, கேஸ் இல்லாமல் மின் நிலையங்களும் நின்றன. குழாயில் வருகிற எரிபொருளைத் தொட்டியில் இருப்பதுபோல் நினைக்காதீர்கள். டர்பைனுக்கு கேஸை அழுத்தித் தரும் கம்ப்ரஸருக்கே மின்சாரம் வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

பஸ்பார்:
இரண்டு பேரும் புயலில் நிற்கிறீர்கள். சார், செலவுப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தீர்களா? உங்கள் ஸ்விட்ச்கியர் (பிரேக்கர் தொகுதி) எத்தனை கிலோஆம்பியர் தாங்கும்? கிரிட் பக்கத்து ஃபால்ட் லெவல் (ஷார்ட் சர்க்யூட் ஆனால் பாயும் ஓட்டம்) எவ்வளவு?

நீராவிப்பிரியன்:
ஸ்விட்ச்கியர் 25. கிரிட் பக்கம் 21.

பஸ்பார்:
அப்படியா! ஒவ்வொரு மெஷினும் 6.25 எம்விஏ, 11 கிலோவோல்ட்டில் சுமார் 328 ஆம்பியர். சப்டிரான்ஸியன்ட் ரியாக்டன்ஸ் (ஃபால்ட்டின் முதல் கணத்தில் மெஷின் காட்டும் தடை) 15 சதவீதம் என்றால், ஃபால்ட்டில் ஒவ்வொன்றும் 2.2 கிலோஆம்பியர் கொட்டும். 21-உடன் 4.4 சேர்த்தால் 25.4. ஜெனரேட்டருக்குப் பக்கத்து ஃபால்ட்டில் டிசி பகுதி (ஓட்டத்தில் ஒரே திசையில் பாயும் பங்கு) வேறு மெதுவாகத்தான் தேயும், அதனால் பிரேக்கருக்கு வேலை இன்னும் கடினம். ஃபால்ட் ஓட்டத்தைக் குறைக்கும் ரியாக்டர் சுருள் வைக்க வேண்டும், அல்லது பஸ்ஸை (எல்லா இணைப்பும் சேரும் கடத்தி) இரண்டாகப் பிரிக்க வேண்டும், அல்லது ஸ்விட்ச்கியரை மாற்ற வேண்டும். கவனியுங்கள், இது ஐலேண்டிங் செலவே அல்ல. கிரிட்டோடு இணைந்து ஓடினாலே வருவது. உங்கள் பட்டியலில் இதுதான் பெரிய தொகை என்று பந்தயம் கட்டுவேன்.

ஐலேண்டிங்குக்கென்றே வருவது வேகமான லோடு ஷெட்டிங் (லோடு வெட்டுதல்), இரண்டு கட்டுப்பாட்டு முறைகள், திரும்ப இணைய மெயின் பிரேக்கரில் சிங்க்ரோனைசிங் (இரு பக்க அலையையும் ஒத்திசைப்பது), அப்புறம் நியூட்ரல் எர்த்திங் (மூன்று ஃபேஸும் சேரும் நடுப்புள்ளியைத் தரையோடு இணைப்பது). கடைசியதைத்தான் எல்லோரும் கோட்டைவிடுவார்கள். இணைந்து ஓடும்போது கிரிட் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல்தான் எர்த். மெயின் திறந்ததும் அது போய்விடும். அப்போது ஒரு ஃபேஸ் தரையைத் தொட்டால் எர்த் ஃபால்ட் ரிலேவுக்கு ஓட்டமே தெரியாது, மற்ற இரண்டு ஃபேஸும் 1.73 மடங்கு ஏறி நிற்கும். நான் வேலை பார்த்த ஒரு வளாகத்தில் சோதனை ஓட்டம் அருமை என்று கைதட்டினார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் ஒரு கேபிள் முனை வெடித்து, எர்த்தே இல்லாமல் ஓடியது தெரிந்தது. ஒரு மெஷினின் நியூட்ரலை ரெசிஸ்டர் வழியாகத் தானாக மூட ஒரு கான்டாக்டர் போதும். இரண்டையும் சேர்த்து மூடினால் மூன்றாம் ஹார்மானிக் (மூன்று மடங்கு அலைவெண்) ஓட்டம் இரண்டுக்கும் இடையே சுற்றும், ஒன்று போதும்.

டீசல்தாசன்:
பஸ்பார் சொல்வது நியாயம்தான். இணைந்து ஓடுவதற்கே அவ்வளவு ஆகிறது என்றால் மீதி வித்தியாசம் நான் நினைத்த அளவு இல்லை. ஆனாலும் டீசல் செட்டைப் பட்டியலிலிருந்து எடுக்க விடமாட்டேன். எல்லாம் செத்தபின் டர்பைனைத் திரும்ப எழுப்பவும் அது வேண்டும்.

ரிலேக்காரர்:
அதில் சண்டையே இல்லை. எழுப்பும்போது வளாகத்து டிரான்ஸ்ஃபார்மர்களை ஒவ்வொன்றாக முழு வோல்டேஜில் இணைக்காதீர்கள், இன்ரஷ் கரன்ட்டிலேயே (இணைத்த கணத்தில் பாயும் பெரும் ஓட்டம்) மெஷின் டிரிப் ஆகும். வோல்டேஜ் இல்லாத பஸ்ஸில் அவற்றைக் கோத்துவிட்டு எக்ஸைடேஷனை (ஜெனரேட்டரின் காந்தப்புலத்துக்குத் தரும் ஓட்டம்) மெதுவாக ஏற்றுங்கள்.

டீசல்தாசன்:
சரி, ஷெட்டிங் பட்டியலை யார் எழுதுவது? எந்தத் துறைத் தலைவர் தன் ஃபீடரை வெட்டச் சொல்வார்?

நீராவிப்பிரியன்:
போன வாரமே சுற்றறிக்கை விட்டோம். மொத்தம் 14 ஃபீடர். 13-க்கு "மிக முக்கியம், வெட்டக்கூடாது" என்று பதில் வந்தது. யாரும் உரிமை கோராத ஒன்றை மட்டும் வெட்டலாம் என்று அலுவலகத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். இப்போதுதான் வரைபடத்தில் பார்த்தேன், அது கேஸ் கம்ப்ரஸரும், டர்பைனுக்கு மசகு எண்ணெய் தரும் லூப் ஆயில் பம்பும் இருக்கிற எங்கள் ஃபீடர்.