இணைவு உலைக்குள் மடிப்புக் கரம்: விரிப்பது கடினமா, திரும்ப மடிப்பதா?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி

வணக்கம். அணுக்கரு இணைவு உலையில், ஹைட்ரஜனின் வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது பிறக்கும், 14 எம்இவி (ஆற்றல் அலகு) ஆற்றலுள்ள நியூட்ரான்கள் உலைச் சுவரையே கதிரியக்கமுள்ளதாக மாற்றிவிடுவதால், பராமரிப்புக்கு மனிதர் உள்ளே செல்ல இயலாது. கருவிகளே குறுகிய வாயில்கள் வழியாக நுழைந்து, உள்ளே நீண்டு வேலை செய்ய வேண்டியுள்ளது. மியூரா மடிப்பில் (தாளை ஒரே இழுப்பில் விரியும்படி மடிக்கும் ஜப்பானிய முறை) அமைந்த சூரியத் தகடு 1995-இல் ஜப்பானியச் செயற்கைக்கோள் ஒன்றில் விரிந்ததைப் படித்தேன். அதே முறையில் மடிந்து நுழையும் கரத்தை இறுதியாண்டுத் திட்டமாக எடுக்க விரும்புகிறேன். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1: கப்பல் பழுதுபார்ப்புப் பொறியாளர், துவாஸ், சிங்கப்பூர்

தங்கையே, விரிவதை விட்டுவிட்டுத் திரும்ப மடிவதை முதலில் கவனியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன், எண்ணெய்த் தொட்டியின் ஆள்நுழை துளை வழியாக மடித்து இறக்கிய பணிமேடை ஒன்றின் கீல் வேலையின்போது வளைந்துவிட்டது. மேடை மடிய மறுத்ததால் உள்ளே இறங்கி அதை அறுத்துத்தான் வெளியே எடுத்தோம். எங்களால் இறங்க முடிந்தது. உலையில் அந்த வழியே கிடையாது. எனவே எந்தக் கீல் பழுதடைந்தாலும் கரத்தை வெளியே இழுத்துவிடக்கூடிய ஏற்பாட்டை வரைபடத்தின் முதல் கோட்டிலிருந்தே சேர்த்துவிடுங்கள்.

பதில் 2: இயந்திரனியல் ஆய்வாளர்

முந்தைய பதிலை முழுமையாக ஏற்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட அதே செயற்கைக்கோளே இதற்குச் சான்று. 1996 சனவரியில் எண்டெவர் விண்ணோடம் அதை மீட்கச் சென்றபோது, மடக்கப்பட்ட முதன்மைச் சூரியத் தகடுகள் சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை என்று உணரிகள் காட்டியதால், அவற்றைக் கழற்றி விண்வெளியிலேயே விட்டுவிட நேர்ந்தது. (அவை மியூரா மடிப்புத் தகடுகள் அல்ல, மடிப்புச் சோதனை தனியாக நடந்தது.)

அடுத்தது தடிமனும் தளர்வும் எடையும். காகிதத்துக்குத் தடிமன் இல்லை என்று கொள்ளும் கணக்கு எஃகுத் தகட்டுக்குப் பொருந்தாது. தடிமன் கூடக் கூட, கீலின் அச்சை எங்கே வைப்பது என்பதே தனிச் சிக்கலாகிவிடும். 100 மில்லிமீட்டர் அகலமுள்ள கீலில் 0.1 மில்லிமீட்டர் தளர்வு இருந்தால், 8 மீட்டர் நீளக் கரத்தின் நுனி 8 மில்லிமீட்டர் விலகும், அதுவும் ஒரே கீலுக்கு. பிரான்சில் கட்டப்படும் பன்னாட்டு இணைவு உலையான ஈட்டரின் உட்சுவரை மூடும் 440 போர்வைத் தொகுதிகளில் கனமானவை 4 டன்னைத் தாண்டுகின்றன. அதனால்தான் அதற்காக ஜப்பானில் உருவான வடிவமைப்பில், கீல்களால் இணைந்த தண்டவாளம் வாயில் வழியாக நுழைந்து வளைந்த பாதையாக விரிய, அதன்மேல் வண்டி ஓடுகிறது. பாரத்தை நீண்ட கரத்தின் நுனி சுமக்காமல், பல இடங்களில் தாங்கப்பட்ட தண்டவாளம் சுமக்கிறது. என் பார்வையில் மடிப்பை இப்படிப் பயன்படுத்துவதே முறை.

மாணவி

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. கனமான தொகுதிகளைத் தூக்கும் எண்ணத்தைக் கைவிடுகிறேன். சுவரைப் படம்பிடிக்கும் கேமராவை மட்டும் சுமக்கும் மூன்று கீல் மாதிரியைச் செய்து, ஒவ்வொரு கீலையும் வேண்டுமென்றே பூட்டிவிட்டு, அந்நிலையிலும் அதைத் துளை வழியாக வெளியே எடுக்க முடிகிறதா என்று சோதிக்கப் போகிறேன்.