துபாய்: சிபிஎஸ்இ-யிலிருந்து பிரிட்டிஷ் அல்லது ஐபி பள்ளிக்கு மாற்றலாமா? (எட்டாவது, நாலாவது)

கராமா_அப்பா:
மகள் எட்டாவது, மகன் நாலாவது. இரண்டு பேரும் துபாயில் சிபிஎஸ்இ, வரும் மார்ச்சில் வருடம் முடிகிறது. கம்பெனி பள்ளிக் கட்டணத்தில் ஒரு பகுதி தரப்போவதால் பிரிட்டிஷ் அல்லது ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பள்ளிக்கு மாற்றும் யோசனை இருக்கிறது. மகளுக்கு மருத்துவம்தான் இலக்கு. இந்தியாவா வெளிநாடா என்று இன்னும் முடிவாகவில்லை. எந்த வகுப்பில் சேர்ப்பார்கள், நீட்டுக்கு எது இடைஞ்சல், கட்டண அட்டவணையில் தெரியாத செலவு என்னென்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாடத்திட்டம்_பார்ப்பவர்:
முதலில் வகுப்புக் கணக்கு. பிரிட்டிஷ் பள்ளியில் வகுப்பை 'இயர்' என்பார்கள், அந்த எண்ணில் ஒன்றைக் கழித்தால் நம் கிரேடு. இயர் 5 என்றால் நாலாவது, இயர் 9 என்றால் எட்டாவது. இந்தியப் பள்ளி ஏப்ரலில் தொடங்குகிறது, பிரிட்டிஷ், ஐபி பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில். அதனால் மார்ச்சில் நாலாவது முடித்த மகன் ஏப்ரலில் போனால் இயர் 5-இன் மூன்றாம் டெர்மில் உட்காருவான், ஆகஸ்ட் கடைசியில் இயர் 6. ஒரு டெர்ம் படித்ததையே படிப்பதுபோல் இருக்கும். ஆனால் அந்த வயதில் ஆங்கிலக் கட்டுரை எழுதும் முறைக்குப் பழக அந்த டெர்ம் நல்ல அவகாசம். இடம் இருந்தால் ஏப்ரலிலேயே போடுங்கள்.

மகள் விஷயம் வேறு. ஐஜிசிஎஸ்இ என்பது பிரிட்டிஷ் பள்ளியில் இயர் 10, 11 சேர்ந்த இரண்டு வருடப் படிப்பு. எட்டாவது முடித்து ஆகஸ்டில் இயர் 10 தொடக்கத்தில் சேர்வது சரியான இடம். இதைத் தவறவிட்டு அடுத்த வருடம் முயன்றால் இயர் 11-இல் பாதிப் படிப்பு போயிருக்கும், பெரும்பாலான பள்ளிகள் எடுக்காது. சிபிஎஸ்இ-யிலும் இதே நிலைமைதான்: 9-10 ஒரு ஜோடி, 11-12 ஒரு ஜோடி. நடுவில் மாற்றினால் சிக்கல்.

பலர் கவனிக்காத இன்னொரு வழி உண்டு. சிபிஎஸ்இ பத்தாவதை முடித்துவிட்டு இயர் 12-இல் ஏ லெவலுக்கோ (பிரிட்டிஷ் முறையில் மேல்நிலைப் படிப்பு) ஐபி டிப்ளமோவுக்கோ போகலாம். பத்தாவது ரிசல்ட் வழக்கமாக மே மாதத்துக்குள் வந்துவிடும், வகுப்பு ஆகஸ்ட் கடைசியில்தான். அவசரமே இல்லை. எதிர்த் திசையில் வருவதுதான் கஷ்டம். ஐஜிசிஎஸ்இ ரிசல்ட் ஆகஸ்டில் வரும், அதற்குள் சிபிஎஸ்இ பதினொன்று தொடங்கி நாலு மாதம் ஓடியிருக்கும்.

நீட்_கணக்கு:
மருத்துவம் என்றால் ஐபி-யில் ஒரு பெரிய முடிச்சு இருக்கிறது. டிப்ளமோவில் ஆறு பாடம், ஆறு தொகுதியிலிருந்து. அறிவியல் தொகுதியில் ஒன்று, கலைத் தொகுதிக்குப் பதிலாக இன்னொரு அறிவியல் என்று வழக்கமாக இரண்டு அறிவியல் பாடம்தான் எடுக்க முடியும். நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கட்டாயம், ஆங்கிலமும் வேண்டும். மூன்று அறிவியல் எடுக்க வேண்டுமானால் பள்ளி ஐபி அமைப்பிடம் சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். சேர்வதற்கு முன்பே அந்தப் பள்ளி அப்படி வாங்கித் தருமா என்று மின்னஞ்சலில் எழுத்தாகக் கேளுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் வந்தால் அது 'இல்லை'தான்.

ஏ லெவலில் இந்தத் தொல்லை கிடையாது, மூன்றையும் நேராக எடுக்கலாம். ஆனால் நாட்காட்டி இடிக்கும். நீட் சமீப ஆண்டுகளாக மே முதல் ஞாயிறு. ஐபி, ஏ லெவல் தேர்வுகளும் அதே பருவம். ஐபி ரிசல்ட் ஜூலை முதல் வாரம் வந்துவிடும். ஏ லெவல் ரிசல்ட் ஆகஸ்ட் நடுவில், அதாவது இந்தியக் கவுன்சலிங் நடந்துகொண்டிருக்கும்போது. பிறகு ஏஐயு-விடம் (இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்) பன்னிரண்டுக்குச் சமம் என்ற சான்றும் வாங்க வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் சிலர் சில பாடங்களை முந்தைய அக்டோபர்-நவம்பர் அமர்விலேயே எழுதி முடிக்கிறார்கள், அதன் ரிசல்ட் ஜனவரியில்.

பாடமும் ஒன்றல்ல. நீட் உயிரியல் என்சிஇஆர்டி பாடப்புத்தகம் வரிக்கு வரி. விலங்குலகப் பிரிவுகள், தாவர உருவவியல் போன்றவற்றுக்கு ஏ லெவலில் அந்த ஆழம் கிடையாது, தனியாகப் படித்தே ஆக வேண்டும்.

வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படித்துவிட்டு இந்தியாவில் டாக்டராக வேலை செய்ய நினைத்தாலும் நீட் தகுதி வேண்டும், 2018 முதல் இதுதான் விதி. ஆகவே "வெளிநாடுதானே, நீட் எதற்கு" என்று விட்டுவிடாதீர்கள். என் கருத்து: இந்தியா பத்தில் ஐந்து பங்கு வாய்ப்பு என்றால்கூட மகள் சிபிஎஸ்இ-யிலேயே இருக்கட்டும், பத்தாவது முடிந்தபின் முடிவெடுங்கள். மகனை இப்போதே மாற்றலாம்.

கராமா_அப்பா:
மூன்று அறிவியல் விஷயம் எந்தப் பள்ளி ஓப்பன் டேயிலும் யாரும் சொல்லவில்லை! அப்படியென்றால் இரண்டு பேரும் இரண்டு பள்ளி. பஸ், விடுமுறை எல்லாம் எப்படி?

கட்டண_ரசீது:
கோடை விடுமுறை இரண்டுக்கும் ஜூலை-ஆகஸ்ட்தான், ஊருக்குப் போவதில் பெரிய தகராறு வராது. ஆனால் ஏப்ரலில் ஒருத்திக்குப் புது வருடம், மற்றவனுக்கு மூன்றாம் டெர்ம். புத்தகம், சீருடை, கட்டணம் எல்லாம் வேறு வேறு மாதத்தில் வரும்.

கே.எச்.டி.ஏ. (துபாய் தனியார் பள்ளிகளை மேற்பார்க்கும் அரசு அமைப்பு) தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் அங்கீகரிக்கப்பட்ட கட்டண விவரத் தாள் இருக்கிறது. மகனுடைய வகுப்பை மட்டும் பார்க்காதீர்கள், இயர் 7-க்கும் இயர் 12-க்கும் என்ன என்று பாருங்கள். பல பள்ளிகளில் அங்கேதான் தொகை எகிறும். அதற்கு மேல் கல்விச் செலவுக் குறியீட்டை வைத்து ஆண்டு உயர்வு உண்டு, 2025-26-க்கு அது 2.35 சதவீதமாக இருந்தது. கம்பெனி தருவது நிலையான தொகையா, சதவீதமா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். நிலையான தொகை என்றால் இடைவெளி வருடா வருடம் உங்கள் பையிலிருந்துதான்.

தாளுக்கு வெளியே வருபவை: பஸ், சீருடை, லேப்டாப் அல்லது ஐபேட், மேல்வகுப்பில் பாடத்துக்கு இவ்வளவு என்று தேர்வுக் கட்டணம். புது மாணவருக்கு இடம் பிடிக்க ஆண்டுக் கட்டணத்தில் 10 சதவீதம் வரை முன்பணம். சேர்ந்தால் கட்டணத்தில் கழியும், சேராவிட்டால் திரும்பாது. இரண்டு மூன்று பள்ளியில் முன்பணம் கட்டி வைப்பது வீண். டெர்ம் நடுவில் விலகினால், இரண்டு வாரம் வரை படித்திருந்தால் ஒரு மாதக் கட்டணம், ஒரு மாதம் வரை இரண்டு மாதக் கட்டணம், அதைத் தாண்டினால் முழு டெர்ம். பாக்கி இருந்தால் டிசி நகராது.

ரேட்டிங்: கே.எச்.டி.ஏ.-வின் முழு ஆய்வுகள் 2024-25-இல் பெரும்பாலான பள்ளிகளுக்கு நடக்கவில்லை. அதனால் பள்ளி வாசலில் தொங்கும் "வெரி குட்" பேனர் எந்த வருடத்தது என்று பாருங்கள். அறிக்கையில் மேலே உள்ள ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு, மகன் படிக்கப்போகும் பிரிவுக்கான கணிதம், ஆங்கிலம், அறிவியல் கட்டங்களைப் படியுங்கள். ஒரே பள்ளியில் தொடக்கப் பிரிவு நன்றாகவும் மேல்நிலை சுமாராகவும் இருக்கும். போன வருடம் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்று நேரில் கேளுங்கள்.

கோவை_பயணி:
நாங்கள் ஜூனில் கோவையிலிருந்து துபாய் வருகிறோம், பையன் ஆறாவது முடித்திருப்பான். டிசி-க்கு அப்போஸ்டில் (ஒப்பந்த நாடுகள் ஏற்கும் ஒற்றைச் சான்று முத்திரை) போதும் என்று ஏஜென்ட் சொல்கிறார். சரியா?

பாடத்திட்டம்_பார்ப்பவர்:
சரியில்லை. அமீரகம் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லை. டிசி-யில் முதலில் கல்வித் துறை மேலொப்பம் (சிபிஎஸ்இ பள்ளி என்றால் போர்டு மண்டல அலுவலகம்), அடுத்து வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், இங்கே வந்தபின் இங்குள்ள வெளியுறவு அமைச்சகம். வரிசை மாறினால் அடுத்த மேசையில் திருப்பிவிடுவார்கள். வாரக் கணக்கில் ஆகும், தேர்வு முடிந்த கையோடு தொடங்குங்கள்.

பெயரையும் பாருங்கள். டிசி-யில் "கே. அருண்" என்று இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்தும் இருந்தால் சேர்க்கையில் நிற்கும். முத்திரைகள் விழுந்தபின் திருத்தினால் முதலிலிருந்து எல்லாம் மறுபடி. பள்ளியில் டிசி வாங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், முடித்த வகுப்பு, அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி, கடைசியாக வந்த தேதி நாலும் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

அரபி பற்றியும் ஒரு வார்த்தை: அரபு மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளுக்கும் ஒன்பதாவது வரை, அதாவது இயர் 10 வரை, கட்டாயம். புதிதாக வருபவனை எந்த நிலைக் குழுவில் போடுவார்கள் என்று சேர்க்கைக்கு முன் கேளுங்கள். ஆறு வருடம் படித்தவர்களோடு உட்கார வைத்தால் பையன் திணறுவான்.